சூடும் பாலும்

6 மார்ச் 1978, திங்கள்

மூடுபனியில் ஆஸ்பத்திரிப் படிகூடத் தெரியவில்லை. சூசையம்மா மட்டும் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடி வந்தாள். "சூடுங்க நர்சம்மா. வெள்ளையும் படுது." இத்தனை நாளும் வெந்தயத் தண்ணீர் குடித்தாளாம்! எனக்கு வந்த கோபம்!

தோட்டத்து டாக்டர் பாக்கியநாதன் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே சோதித்தார். கர்ப்பப்பை வாயை அசைத்ததுமே துடித்துப்போனாள். காய்ச்சல் வேறு. "கருக்குழாயில கிருமி. பதுளை பெரியாஸ்பத்திரியில இருந்து சோதனை முடிவு வர்ற வரைக்கும் காத்திருந்தா குழாய் அடைச்சிடும் நர்ஸ்." உடனே ஊசி போட்டோம், மாத்திரையும் கொடுத்தோம்.

கல்யாணம் கட்டி மூன்று வருடம், இன்னும் பிள்ளையில்லை. அவள் கேட்டது ஒன்றுதான்: "எனக்குப் புள்ள தங்குமாங்க?"

7 மார்ச்

புருஷனும் மாத்திரை விழுங்க வேண்டும், இல்லாவிட்டால் அவளுக்கு நோய் திரும்பும். யாகோப்பு முறுக்கிக்கொண்டான். "எனக்கு என்னாங்க நோவு? லயத்துல அடுத்தடுத்த வீடெல்லாம் சிரிக்கும்."

"சூடு ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்கு ஒட்டும்ப்பா" என்றேன். சூடு என்றதும் கையை நீட்டிவிட்டான்! மருந்து முடியும்வரை தனிப்பாய் என்றதும்தான் முகம் செத்துப்போனது. வீடு வரும்வரை சிரித்தேன்.

9 மார்ச்

சூசையம்மாவுக்கு வலி குறையவில்லை. ஏன்? நாளைக்கும் இப்படியே இருந்தால் பதுளைக்கு அனுப்ப வேண்டும் என்கிறார் டாக்டர். பயமா இருக்கு.

10 மார்ச்

கண்டுபிடித்துவிட்டேன்!

லயத்துக்கே போய்ப் பார்த்தேன். மாத்திரையைப் போட்டு ஆளுக்கொரு செம்பு பால் குடிக்கிறார்கள் — வீட்டு மாட்டுப் பால்! "சூட்டு மருந்துதானுங்களே? குளுமைக்கு" என்கிறான் யாகோப்பு. நான் சொன்ன சூடு! அந்த மாத்திரையோடு பால் சேர்ந்தால் மருந்து உடம்பில் சேராது.

"பச்சத்தண்ணியிலதான் விழுங்கணும். இனிமே பாலத் தொட்டீங்க, மாட்ட அவுத்துட்டுப் போயிடுவேன்!"

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். ஊசியைத் தொடர்ந்து போட்டு இரண்டு நாள் பார்ப்போம் என்றார்.

12 மார்ச்

காய்ச்சல் இல்லை. நிமிர்ந்து நடக்கிறாள். கர்த்தரே!

25 மார்ச்

மருந்து முடிந்தது. அழுத்திப் பார்த்தாலும் வலியில்லை. குழாய் தப்பியதா? அது போகப் போகத்தான் தெரியும் என்கிறார் டாக்டர். யாகோப்பு தனிப்பாயைச் சுருட்டிவிட்டானாம்.

20 நவம்பர்

சூசையம்மா தயங்கித் தயங்கி உள்ளே வந்தாள். "நர்சம்மா... இனிமே பால் குடிக்கலாமாங்க?"

அடப் பாவிகளா! மாட்டை வைத்துக்கொண்டு இத்தனை மாதமும் இரண்டு பேரும் பாலைத் தொடவே இல்லையாம். "இப்ப என்ன திடீர்னு?"

"மூணு மாசமா குளிக்கலீங்க, நாள் தள்ளிப்போச்சு. வேற எதுவும் வயித்துல எறங்க மாட்டேங்குது."

எழுந்து கதவைத் திறந்தேன். வெளியே யாகோப்பு, செம்பு நிறையப் பாலோடு, என் உத்தரவுக்காக நின்றுகொண்டிருந்தான்.