செர்ரா என்றால் சேராதாம்

3 பெப்ரவரி, செவ்வாய்

உறைபனி. எங்கள் ரொம்சோஸ் பகுதி நடைபாதை முழுக்கக் கண்ணாடிபோல் பனிக்கட்டி. பேருந்து போய்விட்டது.

மகள் ஆரணி லூக்காவைக் கட்டப்போகிறாள். இத்தாலியப் பையன். குடும்பப் பெயர் செர்ரா. தெற்கே மலைப்பக்கம் அவர்களின் ஊருக்கும் அதே பெயர். இவருடைய அக்கா தொலைபேசியில்:

"சேராவோ? பேரே சொல்லுதே தம்பி, சேராது எண்டு. ஊரும் சேரா, பெடியனும் சேரா!"

எனக்குச் சிரிப்பு வந்தது. இவருக்கு வரவில்லை.

"நீர் மொழியியல் படிச்சனீர்தானே. அர்த்தத்தைத் தேடிச் சொல்லும். கூடாத பேர் எண்டால் நான் கலியாணத்துக்கு வரமாட்டன்."

வாங்க வேண்டியவை: பால், வெண்டிக்காய், மின்குமிழ்.

5, வியாழன்

வேலை முடிந்து நூலகம். செர்ரா: லத்தீனில் மரம் அரியும் வாள். வாளின் பல் போன்ற மலைமுகடு. இன்னொரு கட்சி வேறு சொல்கிறது: அடைப்பது, பூட்டுவது. மலைகளுக்கு நடுவே அடைபட்ட இடம். அதன் வேர் கதவுத் தாழ். ஊரின் பெயர் பிறகு ஆட்களின் பெயரானது. எது சரி? யாருக்கும் நிச்சயமில்லை. நானும் நம்பவில்லை, எதையும்.

ஆரணியின் குறுஞ்செய்தி: "அம்மா, கட்டினாப் பிறகு பேர் மாத்துறதோ விடுறதோ?"

குரோருட்டில் மருத்துவரிடம். "கந்தையா!" என்றார்கள். எழுந்தேன். இவருடைய அப்பாவின் பெயர். நான் கண்டிராத மனிதர். விசாவுக்கு எழுதியபோது என்னை யாரும் கேட்கவில்லை, அப்படியே என்மேல் ஒட்டிக்கொண்டது.

ஆரணிக்கு, மாற்றாதே என்று எழுதினேன். அழித்தேன். இவருக்குத் தெரிந்தால் அதுவும் ஒரு சண்டை.

8, ஞாயிறு

அக்கா மறுபடி. இவர் ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார். எல்லாவற்றையும் சொன்னால் கதவுத் தாழைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

"மலை, மச்சாள்."

"மலையோ? அட, முருகன்ரை இடமெல்லே! உதை முதலே சொல்லியிருக்கலாமே."

இவர் எழுந்துபோய்த் தேநீர் போட்டார். எனக்கும்.

9, திங்கள்

மழை. பனி கரைந்து சேறு. ஆரணி தொலைபேசியில் அழைத்தாள். அப்பா சொல்லிவிட்டாராம்.

"உண்மையா மலைதானோ அம்மா? வேறை அர்த்தம் ஒண்டும் இல்லையோ?"

இவர் பக்கத்தில், சோபாவில்.

"இல்லை."

"நீங்கள் லேசிலை ஒண்டையும் நல்லது எண்டு சொல்லமாட்டீங்கள். நீங்களே சொன்னால் பிறகென்ன, நானும் செர்ராதான். பேர் மாத்துற விண்ணப்பத்தை இப்பவே அனுப்புறன்."

"கொஞ்சம் பொறு."

"ஏன்?"

இவர் திரும்பிப் பார்த்தார்.

"ஒண்டுமில்லை. அனுப்பு."