இரண்டாவது ஏலதாரர்

மார்ச் 4, 2025

காலையில் வேலைக்குப் போகிற பஸ் எல்லைப் பாலத்தில் நின்றுவிட்டது. சிங்கப்பூருக்குள் நுழைய ஒரு மணி நேரமாவது ஆகும் என்று தெரிந்தது. போனில் குணாஎஃப்எம்.காம், எங்கள் பழைய இணைய ரேடியோவின் பக்கத்தைத் திறந்தேன். சும்மா இருக்கும்போது சிலர் நகம் கடிப்பார்கள். நான் இதைத் திறப்பேன். அங்கே வருடக்கணக்காக ஒரே பக்கம்தான். கறுப்பில் வெள்ளை எழுத்து: "இன்று ஒலிபரப்பு இல்லை. போய்ச் சாப்பிட்டுத் தூங்குங்க." நண்பன் குணாளன் எழுதியது. அவன் செத்த பிறகும் அது இருந்தது.

இன்று இல்லை. இந்தப் பெயர் காலாவதியாகிவிட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம். ஓரத்தில் சப்பாத்து விளம்பரம்.

அந்தப் பெயருக்குப் பத்து வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டினான். "பத்து வருசம் போதும்லா காளி. அதுக்குள்ள பெரிய ரேடியோ ஆயிருவோம். இல்லன்னா கல்யாணம் ஆயிரும்." இரண்டும் ஆகவில்லை.

மார்ச் 9

பெயரைப் பதிந்த நிறுவனத்துக்கு எழுதினேன். அவன் கணக்குக்குள் போக முடிந்தால் இப்போதும் புதுப்பிக்கலாம். பாஸ்வேர்ட் தெரியாவிட்டால் பதிந்த மெயிலுக்கு அனுப்புவார்களாம். எந்த மெயில்? குணாஎஃப்எம் பெயரிலேயே அவன் உண்டாக்கிய மெயில். பெயர் போனதும் மெயிலும் போய்விட்டது. மெயில் இல்லாமல் பெயரை மீட்க முடியாது. சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறான், மடையன்.

அந்தப் பெயரில் மெயில் முகவரி, ரேடியோ நடத்திய எங்கள் மூன்று பேரிடமும் இருந்தது. எவ்வளவு பெருமை அப்போது! "ஜிமெயில் எவன்கிட்டயும் இருக்கும். இது எவன்கிட்ட இருக்கு?" என்பான்.

மரணச் சான்றிதழும், வாரிசு என்று கோர்ட் கடிதமும் கேட்கிறார்கள். குணாளனின் அம்மா கிருஷ்ணம்மா ஆன்ட்டி லாயாங் லாயாங் ஊரில் பள்ளிக் கேன்டீனில் மீ நூடுல்ஸ் பிரட்டுகிறார். மகன் பெயரைச் சொல்லி அவரைக் கோர்ட்டுக்கு இழுப்பதா? நான் இழுக்க மாட்டேன்.

மார்ச் 16

படித்துப் பார்த்துவிட்டேன். யாரும் புதுப்பிக்காவிட்டால் இரண்டு மூன்று மாதத்தில் பெயரை அழித்துப் பொதுவில் விட்டுவிடுவார்கள். விழுகிற நொடியில் பிடித்துத் தருகிறோம் என்று முன்பதிவு வாங்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. பேக்ஆர்டர் என்கிறார்கள். அவர்களுடைய கம்ப்யூட்டரோடு என் கை போட்டி போட முடியாது. கேட்டவர் ஒருவர் என்றால் அவருக்கே கொடுத்துவிடுவார்கள். ஒரே நிறுவனத்தில் இரண்டு பேர் கேட்டிருந்தால் அவர்களுக்குள் ஏலம்.

மூன்று நிறுவனங்களில் போட்டு வைத்தேன்.

இப்படிப்பட்ட பழைய பெயர்களை வாங்குவது பெரும்பாலும் ஆன்லைன் சூதாட்டக்காரர்கள். பழைய பெயர் என்றால் கூகுள் மதிக்குமாம். என் போனுக்கு வாரம் நாலு விளம்பரம் வருகிறது, முருகன் படம் போட்டே. நம்ம பையன்கள் சம்பளத்தன்றைக்கே அதில் கொட்டுகிறார்கள். அந்தப் பக்கத்துக்கு மேலே குணாளன் பெயரா? செத்தவன் பேரை வச்சு எவனும் சம்பாதிக்கக் கூடாது. விட மாட்டேன்.

மார்ச் 30

ரயா, நோன்புப் பெருநாள் விடுமுறை. பாலத்துக்கு இந்தப் பக்கம், தெப்ராவில் என் அறையில் தனியாக இருக்கிறேன். நினைக்காமல் இருக்க முடியவில்லை.

லாயாங் லாயாங்கில் குணாளனின் மாமா மணியத்தின் மோட்டார் பட்டறைக்குப் பின்னால் ஓர் அறை. சுவரெல்லாம் முட்டை அட்டை, கதவில் கம்பளி. ஃபேன் போட்டால் மைக்கில் கேட்கும், அதனால் வியர்த்து ஊற்றும். சனிக்கிழமை மாலைதோறும் நாங்கள் மூன்று பேர். குணாளன் பேச்சு, நான் வயர்களும் பாட்டும், சிந்துஜா செய்தி. அவள் குளுவாங்கில் எங்களோடு ஆறாம் படிவம், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு, படித்தவள். அவள் அப்பா சோமசேகரம் ஆஸ்பத்திரி அதிகாரி, சிலோன்காரர். காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, பட்டறை எண்ணெய் சப்பாத்தில் படாமல் தாண்டித் தாண்டிப் போவார். குணாளன் மைக்கை மூடிக்கொண்டு, "தாத்தா நொண்டி விளையாடுறார் பாரு" என்பான். சிந்துஜா பேப்பரைச் சுருட்டி அவன் தலையில் அடிப்பாள்.

தண்டவாளம் பக்கத்திலேயே. ரயில் வந்தால் ஒன்றும் கேட்காது. குணாளன் நிறுத்த மாட்டான். "ரயில் அண்ணன் ஏதோ சொல்ல வர்றார், கொஞ்சம் வழி விடுங்க" என்று மைக்கை ஜன்னல் பக்கம் திருப்பிவிடுவான். தைப்பிங்கிலிருந்து ஒருவர் ரயிலுக்காகவே கேட்கிறேன் என்று எழுதினார்.

மொத்தம் நாற்பது பேர் கேட்டிருப்பார்கள். அந்த நாற்பது பேரும் எங்களுக்கு நாடு.

ஏப்ரல் 17

பெயரின் நிலை மாறியிருக்கிறது: "மீட்புக் காலம்". ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது.

மே 3

இன்று குணாளன் போன நாள். ஆறு வருடம்.

விடியுமுன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற பைக் கூட்டத்துக்குள் ஒரு லாரி புகுந்தது. பேப்பரில் மூன்று வரி, "இந்திய ஆடவர்" என்று. பெயர்கூடப் போடவில்லை. மறுநாள் அதே நேரத்தில் அதே ரோட்டில் அதே கூட்டம் போனது. எஸ்டேட்டை விட்டு வந்துவிட்டோம், முன்னேறிவிட்டோம் என்று மேடையில் பேசுகிறவன் ஒருநாள் அந்தப் பாலத்தில் பைக் ஓட்டிப் பார்க்கட்டும்.

அதற்கு நாலு மாதம் முன்னால்தான் சிந்துஜா கோலாலம்பூருக்கு வக்கீல் வேலைக்குப் போனாள். இனி வர முடியாது என்றாள். "உனக்கு இது டைம்பாஸ், எங்களுக்கு இதுதான் இருந்துச்சு" என்றேன். "அப்போ எதுக்குடா நாலு வருசம் அந்த வேக்காட்டுல உக்காந்தேன்?" என்று கேட்டாள். குணாளன்தான் நடுவில் நின்று சிரிக்க வைத்தான். பிறகு நடுவில் நிற்க ஆள் இல்லை. கருமாதிக்கு அவள் அப்பாவோடு வந்தாள். நான் பந்தலுக்குப் பின்னால் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தேன். அடுக்கிக்கொண்டே இருந்தேன், கார் போகும்வரை.

மே 21

காலையில் எழுந்ததும் மெயில். பெயர் விழுந்துவிட்டது. நான் போட்ட மூன்றில் ஒரு நிறுவனம் பிடித்துவிட்டது!

அடுத்த வரியில்: வேறொருவரும் இங்கே முன்பதிவு செய்திருப்பதால் ஏலம். திங்கட்கிழமை மதியம் முடியும்.

சூதாட்டக்காரன் வந்துட்டான்.

மே 24

பெயர் காட்ட மாட்டார்கள். நான் "ஏலதாரர் 1", அவன் "ஏலதாரர் 2". நான் ஏற்றினால் ஒரு மணி நேரத்துக்குள் அவன் ஏற்றுகிறான். சளைக்கவே இல்லை. ஏதோ ஆபீஸில் ஏசியில் உட்கார்ந்து, மேசையில் மூன்று ஸ்கிரீன் வைத்துக்கொண்டு, நூறு பெயரோடு இதையும் ஒரு பெயராக அமுக்கிக்கொண்டிருப்பான். இதில் வரும் குணா யார் என்று அவனுக்குத் தெரியுமா? டேய், அது ஒரு ஆளுடா.

மே 26

கிடங்கில் வேலை நேரத்தில் போன் லாக்கரில் இருக்க வேண்டும். ஏலம் முடிகிற நேரத்தில் நான் பெட்டி அடுக்கிக்கொண்டிருப்பேன். அதனால் சாப்பாட்டு நேரத்திலேயே என் அதிகபட்சத்தைப் போட்டேன். என் ஒரு மாதச் சம்பளம். அதற்கு மேல் போட்டால் அம்மாவுக்கு அனுப்ப எதுவும் இருக்காது. லாக்கரைப் பூட்டினேன்.

மாலை திறந்து பார்த்தேன். "ஏலதாரர் 2 வென்றார்."

சிஃப்ட் முடிந்து பக்கத்து லாக்கர் மகேஸ்வரன், "என்னா காளி, யாராச்சும் செத்துட்டாங்களா?" என்றான். ஆமாம் என்றேன்.

மே 29

பக்கம் இன்னும் காலி. சூதாட்டப் படம் எப்போது ஏறும் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். யாராவது சொல்லி கிருஷ்ணம்மா ஆன்ட்டி அதைப் பார்ப்பதற்கு முன் நானே போய்ச் சொல்ல வேண்டும்.

ஜூன் 1

லாயாங் லாயாங் போனேன். பட்டறை இருந்த இடத்தில் இப்போது போன் கடை. ஆன்ட்டி என்னைப் பேசவே விடவில்லை. முதலில் தட்டில் சோறு, நெத்திலி சம்பல், கங்கோங் கீரை. பிசைந்துகொண்டே, "ஆன்ட்டி, ஒரு கெட்ட விசயம் சொல்லணும். குணாவோட ரேடியோ பேரு இருக்குல்ல..." என்று ஆரம்பித்தேன்.

"அதான் சிந்து வாங்கிருச்சே!" என்றார்.

"யாரு?"

"சிந்துஜா. போன வாரம் போன் பண்ணி ஒரே அழுகை. யாரோ சூதாட்டக்காரன் ஏலத்துல விடாம ஏத்திக்கிட்டே இருந்தானாம். ராட்சசன் ஆன்ட்டி, என் சம்பளத்த முழுங்கிட்டான்னு சொல்லிச்சு. அப்படியும் விடலயாம் புள்ள."

எனக்குப் புரை ஏறியது. ஆன்ட்டி தண்ணீரை நகர்த்தினார். "என்னப்பா, உறைப்பா?"

"இல்ல ஆன்ட்டி. அந்த ராட்சசன் நான்தான்."

ஆன்ட்டி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார், கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். "அலமாக்! ரெண்டு பேருக்கும் கையில போன் எதுக்குடா? படம் எடுக்கவா?"

ரயிலில் திரும்பும்போது அந்த ஏலத்தை மறுபடி திறந்தேன். முதல் நாளே கண்ணில் பட்டிருக்க வேண்டும். மொத்த ஏலதாரர்கள்: இருவர். எந்தச் சூதாட்டக்காரனும் வரவில்லை. எங்கள் ரேடியோ அவனுக்குக்கூட வேண்டாம். உலகத்திலேயே அந்தப் பெயரை வேண்டியவர்கள் இரண்டே பேர். ஆளுக்கு ஒரு மூலையில் இருந்துகொண்டு ஒருவரையொருவர் அடித்திருக்கிறோம்.

ஜூன் 2

"ஏலதாரர் 1 பேசுகிறேன்" என்று சிந்துஜாவுக்கு அனுப்பினேன்.

வேலை முடிந்து லாக்கரைத் திறந்தால் அவளிடமிருந்து பதினோரு மிஸ்டு கால்.

ஜூலை 13

பாலத்தில் பஸ் நின்றது. பக்கத்தைத் திறந்தேன். கறுப்பில் வெள்ளை. போய்ச் சாப்பிட்டுத் தூங்குங்க. எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கிறது. சிந்துஜாவிடம் சொன்னால், "ஒனக்கு வயசாகுதுல்ல காளி, அதான்" என்கிறாள்.

ஏலத்தில் கொடுத்ததில் பாதியை நான் தருகிறேன் என்றேன். திட்டினாள். பிறகு வாங்கிக்கொண்டாள். கணக்கில் எங்கள் இரண்டு பேருடைய ஜிமெயிலும் இருக்கிறது.

"மொத்தமா பத்து வருசத்துக்குக் கட்டிரவா?" என்று நேற்று கேட்டாள்.

வேண்டாம், ஒவ்வொரு வருடமாகக் கட்டலாம் என்றேன்.

"ஏன்டா? மறந்துட்டா?"

"மறக்காம இருக்க நீ போன் பண்ணு. இல்லன்னா நான் பண்றேன்."

"சரி, ஒரு வருசம்" என்றாள்.