நாலாவது பீப்பாய்

ஜனவரி 11, 1775 – புதன்

இன்று சபைக் கூடத்துக்கு முன்னால் தேயிலை எரித்தோம். எரித்தவர் என் வீட்டுக்காரர். மற்றவர்கள் பனியில் கால் மாற்றி நின்று நாட்டுப்பற்றைக் காட்டினோம்.

கடைக்காரி கெசாயா லூமிஸின் மாவுத் தொட்டிக்குள் ஒரு பெட்டி தேயிலை இருந்ததைக் கண்காணிப்புக் குழு திங்கட்கிழமை கண்டுபிடித்தது. தடை வருவதற்கு முன்பே வாங்கிய சரக்கு, விற்கவில்லை, எறிய மனம் வரவில்லை என்று அவள் சொல்லிப் பார்த்தாள். இங்கிலாந்து ராஜாவின் வரி ஒட்டிய இலைக்கு முன்பு பின்பு கிடையாது என்று குழு சொல்லிவிட்டது. குழுவின் தலைவரும் ஊர்ப்படையின் கேப்டனுமான ஆசகேல் டிரெட்வெல் பிரசங்கம் செய்தார். அவருக்குத்தான் நான் பதினேழு வருடமாக ரொட்டி சுடுகிறேன். நல்ல பிரசங்கம். நடுவில் இரண்டு வரி நான் எழுதிக் கொடுத்தது.

தீ பிடித்ததும் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து கெசாயா, "இது என் தேயிலை இல்ல" என்றாள்.

மூப்பர் ஓபேத் திரும்பினார். குழுவில் என் கணவருக்கு அடுத்தவர். "என்ன சொன்ன?"

"என் சரக்கு வாசம் எனக்குத் தெரியாதா? இது ஏதோ வேலியில முளைச்சது. என் தேயிலைய என்னய்யா பண்ணினீங்க?"

"கேட்டீங்களா! எரியுறப்போகூட வாசத்தைப் பெருமை பேசுறா!"

பெட்டிக்காகக் கண்டித்துவிட்டு விட்டிருப்பார்கள். இந்தப் பேச்சுக்காக அங்கேயே தீர்மானம் போட்டார்கள்: அவள் கடையில் யாரும் வாங்கக் கூடாது, அவளோடு பேசக் கூடாது.

எனக்கு ஒரு சின்னச் சங்கடம். வாசம் எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் போன வருடம் வரை இரண்டு வேளையும் தேநீர் குடித்த இந்த ஊரில் இன்று ஒருவருக்கும் அதன் வாசம் நினைவில்லை. எனக்கு மட்டும் எதற்கு நினைவிருக்க வேண்டும்?

ஜனவரி 12

பரணில் நான் காயவைத்திருந்த ராஸ்பெரி இலைக் கூடை காலி. தேயிலைக்குப் பதிலாக இந்த ஊரே அதைத்தான் கொதிக்கவைத்துக் குடிக்கிறது. யாரும் ஆசைப்பட்டுத் திருடும் பொருள் அல்ல.

ஜனவரி 21 – சனி

ஊரின் வெடிமருந்து சபைக் கூடத்துப் பரணில் இருக்கிறது. கர்த்தர் மேல் உள்ள நம்பிக்கையில் அங்கே வைத்தார்களா, அங்கே யாரும் அடுப்பு மூட்டுவதில்லை என்பதாலா, தெரியாது. சாவி கேப்டனிடம். பீப்பாய்களை அவ்வப்போது உருட்டிவிடாவிட்டால் மருந்து கட்டிப் போகும். முன்பெல்லாம் மாதம் ஒருமுறை, அதுவும் முனகிக்கொண்டே போவார். இப்போது வாரம் தவறுவதில்லை.

வந்ததும் நகத்தைப் பார்த்தேன். சுத்தம்.

"எத்தனை பீப்பாய் உருட்டினீங்க?"

"நாலு" என்றார், சீட்டியடித்துக்கொண்டே.

இலையுதிர் காலத்துப் பயிற்சி நாளில் ஒரு பீப்பாயைச் சுட்டுத் தீர்த்தார்கள். மிச்சம் மூன்று என்று சபையில் அறிவித்தவர் இவரே. வெடிமருந்து குட்டி போடுமா?

ஜனவரி 30

சவரம். இதை எப்படிக் கவனிக்காமல் விட்டேன்? சனிக்கிழமைக்கு ஒருமுறை சவரம் செய்தவர் இப்போது தினமும், சில நாள் இரண்டு தரம். வெந்நீர் கேட்கிறார். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்துகிறார். திரும்பி வரும்போது கன்னம் அப்படியே சொரசொரவென்று இருக்கிறது. முகம் மட்டும் மலர்ந்திருக்கிறது.

யாருக்காக? கொல்லன் பெண்டாட்டி ஞாயிறு இவரைப் பார்த்துச் சிரித்தாள். ஆனால் அவள் எல்லாரையும் பார்த்துச் சிரிக்கிறவள். ஒரு பல் போனதிலிருந்து கொஞ்சம் குறைத்திருக்கிறாள்.

பிப்ரவரி 8

அவர் குழுக் கூட்டத்துக்குப் போன பிறகு சவரக் கிண்ணத்தை எடுத்துப் பார்த்தேன். சோப்பு இல்லை. அடியில் பழுப்பு வளையம். முகர்ந்தேன். இரண்டாவது தரமும் முகர்ந்தேன், அது நிச்சயத்துக்காக அல்ல.

பெண் விவகாரமாக இருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அதற்கு இந்த ஊரில் மன்னிப்பு உண்டு.

பிப்ரவரி 26 – ஞாயிறு

சபையில் கெசாயா உட்கார்ந்த பெஞ்சிலிருந்து எல்லாரும் எழுந்து வேறு பக்கம் போய்விட்டார்கள். ஒரு பெஞ்சு முழுக்க அவள் ஒருத்தி. போதகர் அன்பைப் பற்றிப் பிரசங்கித்தார்.

மதியம் என் சமையலறைப் பின்கதவைத் தட்டினாள். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை.

"உனக்கு எதுக்கு வம்பு. ஒண்ணு சொல்லிட்டுப் போறேன் ஹிட்டி. ஊரை விட்டுப் போகச் சொல்லி கமிட்டியிலேர்ந்து ஆணை வந்திருக்கு. நான் இங்க பிறந்தவ இல்லையாம். மே மாசம் முதல் தேதிக்குள்ள."

"கல்யாணம் ஆகி வந்து எத்தனை வருஷம் ஆச்சு!"

"அவரை இங்கதானே புதைச்சேன். அது கணக்குல வராதாம்." போகத் திரும்பியவள் நின்றாள். "நீ சொல்லு, அன்னைக்கு உன் மூக்குக்கும் அது தேயிலையாவா பட்டுச்சு?"

நான் குளிர், மூக்கடைப்பு என்று ஏதோ சொன்னேன்.

அப்பா போதகர். எனக்கு விட்டுப்போனது ஒரு அலமாரி நிறையப் புத்தகமும் இந்த மூக்கும். இரண்டையும் இன்று பயன்படுத்தவில்லை. சொன்னால் என்ன ஆகும்? துரோகின்னு தார் பூசுவாங்க. இறகு ஒட்டுவாங்க. என் புருஷனுக்கு. அதை யார் சுரண்டி எடுக்கிறது? நான்தானே. சொல்லலைன்னா அவ தெருவுல. இன்னும் இரண்டு மாசம் இருக்கு, யோசிக்கலாம்னு தோணுது பாரு – அதுதான் எனக்கு என் மேலேயே சந்தேகம்.

மார்ச் 14

சாப்பாட்டில் மெதுவாகக் கேட்டேன். "அன்னைக்கு எரிச்சது நிஜமாவே தேயிலைதானா?"

கரண்டி நின்றது. "நாட்டு மேல பற்று இருக்கிறவ கேக்கிற கேள்வியா இது?"

"ராஸ்பெரி இலை ஒரு கூடை காணோம். அதான்."

"எலியா இருக்கும்."

"எலி சவரம் பண்ணுமா?"

என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பிறகு அவர் சூப்பில் உப்பு அதிகம் என்றார். அதிகம்தான்.

ஏப்ரல் 19 – புதன்

காலையிலேயே மணி. பாஸ்டனிலிருந்து சிவப்புச் சட்டைக்காரர்கள், ராஜாவின் சிப்பாய்கள், கிளம்பி வந்து லெக்சிங்டனில் ஆட்களைச் சுட்டுவிட்டார்களாம். குதிரையில் வந்தவன் கத்திக்கொண்டே அடுத்த ஊருக்குப் போய்விட்டான்.

கேப்டன் பின்னறையில் சவரத்தில் இருந்தார். ஆட்கள் அவருக்காகக் காத்திருக்கவில்லை. சாவிக்கும் காத்திருக்கவில்லை. மூப்பர் ஓபேத் கோடரியால் பரண் கதவை உடைத்து, பீப்பாய்களை வண்டியில் ஏற்றி, கிழக்கே கிளம்பிவிட்டார். வண்டி எங்கள் வாசலைத் தாண்டிய பிறகுதான் இவர் கிண்ணத்தோடு வெளியே வந்தார்.

"எத்தனை பீப்பாய் எடுத்தாங்க?"

"எல்லாத்தையும்" என்றேன். "நாலு."

தொப்பி இல்லை, துப்பாக்கி இல்லை. ஓடினார். பதினேழு வருடத்தில் மாடு வேலி தாண்டியபோதுகூட ஓடாதவர். கிண்ணம் கையிலேயே இருந்தது.

தெருவில் நின்ற பெண்கள் அழுதார்கள். "இப்படியும் ஒரு மனுஷன்! பாதிச் சவரத்துல விட்டுட்டு ஓடுறாரே!"

ஏப்ரல் 20

செய்தி இல்லை. பயமா இருக்கு. கோபமும் இருக்கு. செத்துப்போனா யார்கிட்ட கோபப்படுறது?

ஏப்ரல் 22 – சனி

வண்டியில் கொண்டுவந்தார்கள். காலில் குண்டு. எடுத்தாயிற்று, காய்ச்சல் இல்லை. பீப்பாயைக் கட்டிப்பிடித்தபடி படுத்திருந்தார்.

மூப்பர் ஓபேத் கண் கலங்கச் சொன்னார்: "நாங்க கல்சுவருக்குப் பின்னால இருந்தோம்மா. மூணு பீப்பாய் மருந்தும் அவங்கவங்க கொம்புக் குப்பியில நிரப்பிக் காலியாயிடுச்சு. கணக்குல இல்லாத நாலாவது ஒண்ணு இருந்துச்சு, கேப்டன் சேர்த்து வெச்சதுன்னு நினைச்சு உடைக்கப் போறோம். எங்கிருந்தோ கேப்டன் ஓடி வர்றாரு, குண்டு பறக்கிற வழியிலேயே. பீப்பாய் மேல விழுந்து படுத்துட்டாரு. 'இதைத் தொடாதீங்கடா, நாளைக்கு வேணும்! கையில இருக்கிறதை வெச்சு சுடுங்க!'ன்னு கத்துறாரு. கால்ல குண்டு பட்டுச்சு. விடலையே! எல்லாத்தையும் சுட்டுத் தீர்த்துட்டு நாளைக்கு என்ன செய்வோம்னு எங்கள்ல ஒருத்தனுக்குத் தோணுச்சா?"

"அவருக்குத் தோணியிருக்கு" என்றேன்.

"கேம்பிரிட்ஜ்ல நம்ம படை முகாம்ல மருந்துக்குப் பஞ்சம். செவ்வாய்க்கிழமை வண்டி போகுது. இந்தப் பீப்பாயை அனுப்பிடலாம். தளபதி முன்னால திறந்து, யாரு காப்பாத்தினதுன்னு சொல்லணும்."

படுக்கையிலிருந்து ஒரு முனகல். காயம் வலிக்கிறது போல என்று மூப்பர் இரக்கப்பட்டார்.

ஏப்ரல் 23 – ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். பீப்பாய் மேல் கையை வைத்தேன்.

"திறக்கட்டுமா? இல்ல, தளபதியே திறக்கட்டுமா?"

கூரையைப் பார்த்துச் சொன்னார்: "ஒரு வாய் தேநீர், ஹிட்டி. அவ்வளவுதான். அந்த இலைத் தண்ணி எனக்கு இறங்கல."

"எனக்கும்தான் இறங்கல. நான் யாரையாவது ஊரை விட்டு விரட்டினேனா?"

போர்வை நுனியை மடிக்க ஆரம்பித்தார்.

"கெசாயாவுக்குப் போட்ட ஆணையை ரத்து பண்ணுங்க."

"நான் ஒருத்தன் சொன்னா கமிட்டி கேக்காது. ஏன் திடீர்னு மனசு மாறிட்டேன்னு சந்தேகப்படுவாங்க."

அதுவும் சரிதான். இந்த ஊரில் மழை நின்றாலே ஏன் நின்றது என்று சந்தேகப்படுகிறார்கள்.

"நாளைக்கு உங்களைப் பார்க்க எல்லாரும் வர்றாங்க இல்ல," என்றேன். "ஏதாவது குடிக்கக் குடுக்கணும்."

ஏப்ரல் 24

குழுவின் மற்ற ஐந்து பேரும் வந்தார்கள். வீரரின் கட்டிலைச் சுற்றி நாற்காலி போட்டேன். "எங்க தோட்டத்து ராஸ்பெரி இலை" என்று சொல்லிக் கிண்ணங்களைக் கொடுத்தேன். பீப்பாய் அலமாரிக்குப் பின்னால்.

முதலில் குடித்தவர் மூப்பர் ஓபேத். ஒரு வாய். அசைவு நின்றது. கண்ணை மட்டும் மெதுவாக இடப்பக்கம் திருப்பிக் கொல்லனைப் பார்த்தார். கொல்லன் ஆலைக்காரரைப் பார்த்தான். ஆலைக்காரர் கிண்ணத்துக்குள் பார்த்தார். இது என்ன என்று முதலில் சொல்பவனுக்கு அது என்ன என்று தெரிந்திருக்கிறது என்று அர்த்தம். ஐந்து நாட்டுப்பற்றாளர்கள், ஐந்து கிண்ணம்.

மூப்பர்தான் பேசினார். "ராஸ்பெரின்னாலும்… உங்க மண் வாகு நல்லா இருக்கும்மா."

"உரம் போட்டிருப்பாங்க" என்றான் கொல்லன்.

"இன்னும் கொஞ்சம் தரவா?"

தந்தேன். ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்றாவது முறை ஆலைக்காரர் கிண்ணத்தைத் தானே நீட்டினார்.

அப்போது கட்டிலில் இருந்தவர் தொண்டையைச் செருமினார். "அந்த லூமிஸ் அம்மா விஷயம். மனம் திரும்பிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். போர் வந்துடுச்சு. ஊருக்குள்ள ஒற்றுமை வேணும்." ஆணையைத் திரும்பப் பெறச் சம்மதமா என்று கேட்டார். ஒரு கையில் கிண்ணம் இருந்ததால் எல்லாரும் மற்றக் கையைத் தூக்கினார்கள். ஆணை ரத்து.

கிளம்பும்போது மூப்பர் வாசலில் தயங்கினார். "அந்தப் பீப்பாய்… நாளைக்கு வண்டி…"

"அனுப்பிடுங்க ஐயா. ராஸ்பெரி இலைக்கு இடம் பத்தாம அதுலதான் கொட்டி வெச்சிருக்கேன்."

ஏதோ சொல்ல வாயெடுத்தார். என் முகத்தைப் பார்த்தார். தொப்பியை இரண்டு தரம் சுற்றினார். அப்பா விட்டுப்போன புத்தகங்களில் ஞானம் பிறப்பதைப் பற்றி நிறைய உண்டு. நேரில் பார்த்தது இன்றுதான்.

"வேண்டாம்மா. வீரத்தோட அடையாளம். அது ஊரிலேயே இருக்கட்டும்."

ஏப்ரல் 25

கெசாயாவிடம் போய்ச் சொன்னேன். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேனா? எதிர்பார்த்தேன்.

"மனம் திரும்பிட்டேனா? யாரு சொன்னா? நான் எதுலேர்ந்து திரும்பினேனாம்?" துணிச்சுருளை அலமாரித் தட்டில் ஓங்கி வைத்தாள். "நான் அன்னைக்குச் சொன்னது நிஜம். அது நிஜம்னு எந்தக் கமிட்டியாவது எழுதுச்சா?"

இல்லை. எழுதவில்லை. எழுதவும் போவதில்லை. ஊசி வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஏப்ரல் 19, 1785

பத்தாவது ஆண்டு விழா. ஊர்வலத்தில் முதலில் மேளம், அடுத்தது பீப்பாய். காலிதான், ஆனால் வெல்வெட் போர்த்தி நான்கு பேர் தூக்கி வந்தார்கள். பின்னால் என் வீட்டுக்காரர், இப்போது கர்னல் டிரெட்வெல், ஊன்றுகோலோடு. பாஸ்டனிலிருந்து வந்த பேச்சாளர், ஒரு பீப்பாய் மருந்துக்காக உயிரைக் கொடுக்கத் துணிந்தவர் என்றார். அதில் பொய்யைத் தேடிப் பார்த்தேன். 'மருந்து' என்ற ஒரு சொல்லைத் தவிர எல்லாம் சரி.

போர் முடிந்து தேயிலை ஊருக்குள் வந்துவிட்டது. கெசாயா கடை ஜன்னலிலேயே வைத்து விற்கிறாள். கர்னல் இப்போது வாரத்துக்கு ஒருமுறைதான் சவரம் செய்கிறார்.

கடை வாசலில் அவளோடு நின்று பார்த்தேன். பீப்பாய் எங்களைத் தாண்டும்போது காற்று இந்தப் பக்கம் அடித்தது. எதிரில் மூப்பர் ஓபேத் தொப்பியைக் கழற்றிக் குனிந்தார், வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம், மூக்கு விரிய.

நான் கெசாயாவிடம் இத்தனை வருடத்தில் ஒன்றும் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. பீப்பாய் திரும்பி மறையும் வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நல்ல சரக்கு," என்றாள். "பத்து வருஷம் ஆகியும் வாசம் போகல பாரு."