ஐம்பதில் ஒன்று

மார்ச் 4
மருத்துவக் கல்லூரி நூலகத்தில் இன்று அதைக் கையில் வாங்கிவிட்டேன். பெரியம்மையைத் தடுக்கக் கையைக் கீறி அம்மைக் கொப்புளச் சீழை ஏற்றலாமா கூடாதா என்று ஐரோப்பாவே அடித்துக்கொண்ட காலத்தில் அச்சான சிறு நூல். வயது இருநூற்றைம்பதுக்கு மேல். எழுதியவர் பெயர் இல்லை. ‘ஒரு தகப்பன்’ என்று மட்டும். பதினாறு வருடமாகத் தடுப்பூசி போடும் நர்ஸுக்கு இதைவிட என்ன வேண்டும்? நூலகர் பக்கங்களை போனில் படமெடுக்கவும் விட்டார்.

மார்ச் 5
பழைய ஆங்கில அச்சு, பாதி ‘எஸ்’ எல்லாம் ‘எஃப்’ மாதிரி இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம். கண் எரிகிறது, விட மனசில்லை.

மார்ச் 9
தங்கை கைக்குழந்தைக்கு ஊசியே வேண்டாம் என்கிறாள். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஊசி போட்டு மூன்று நாள் காய்ச்சலாம். புள்ளிவிவரமாகக் கொட்டினேன். “உன் ஆஸ்பத்திரிப் பாடத்த அங்கயே வச்சுக்கக்கா” என்று போனை வைத்துவிட்டாள். மூணு மாசக் குழந்தை. கக்குவான் இருமல் வந்தா தாங்குமா? இவளுக்கு எப்படித்தான் புரிய வைக்கிறது?

மார்ச் 11
நூலை எழுதிய தகப்பனும் கணக்குப் போடுகிறார்! அம்மை தானாக வந்தால் ஆறில் ஒருவர் சாவார். ஏற்றிக்கொண்டால் ஐம்பதில் ஒருவர். நான் பேசுவது போலவே இருக்கிறது.

மார்ச் 14
பஸ்ஸில் அடுத்த பக்கம் படித்தேன். இறங்கும் இடத்தையே தாண்டிவிட்டேன். ‘கணக்குப் போட்டவன் நானே. ஆயினும் மகளின் கையைக் கீறியபோது, ஐம்பதில் அந்த ஒன்று இவள்தான் என்று தோன்றியது.’ ஏழு நாள் மகளின் கட்டிலை விட்டு அவர் நகரவில்லையாம். பயத்தை மறைக்கவே இல்லை மனுஷன். நான்? உனக்கு என்ன பயம்னு தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்டேனா?

மார்ச் 15
தங்கை வீட்டுக்குப் போனேன். அந்த ஒரு பக்கத்தை மட்டும் தமிழில் சொல்லிச்சொல்லி வாசித்தேன். குழந்தை அவள் மடியில்.

“அந்தப் பொண்ணு என்ன ஆனா?”

“பொழச்சுக்கிட்டா.”

குழந்தையின் தலையைத் தடவினாள். பிறகு, “உம் புள்ளைக்குப் போடறப்ப நீ பயந்தியாக்கா?”

“பயந்தேன். நர்ஸாச்சேன்னு வெளிய சொல்லல.”

சிரித்துவிட்டாள். காய்ச்சல் வருமா என்றாள். வரலாம், வந்தால் நான் கூட இருப்பேன் என்றேன். புள்ளிவிவரம் எதையும் எடுக்கவில்லை.

மார்ச் 17
போன் வரவில்லை. நானும் செய்யவில்லை.

மார்ச் 19
ஆஸ்பத்திரியில் காலைத் தடுப்பூசி வரிசையில் பதினோராவது ஆளாகத் தங்கை. முறை வந்தது. ஊசியை எடுத்தேன், அந்தத் தகப்பனின் ‘ஐம்பதில் அந்த ஒன்று’ ஞாபகம் வந்தது. பக்கத்து மேசை நர்ஸிடம் கொடுத்துவிட்டுக் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டேன். தங்கை என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.