பச்சை விளக்கு எதைப் பார்த்தது

ஆகஸ்ட் 4, திங்கள்
மழை. மூன்று வேலிப்பெட்டிகள் திரும்பி வந்தன. மின்வேலிக்கு நொடிக்கொரு துடிப்பு அனுப்ப வேண்டிய பெட்டிகள், பேட்டரி இறங்கியதும் செத்துப்போகின்றன. மாடுகள் நெடுஞ்சாலையில் நின்றனவாம். "உங்க பெட்டியைவிட என் கிழட்டு நாய் நல்லா வேலி காக்கும்" என்று பண்ணைக்காரர் தொலைபேசியில் கத்தினார்.

ஆகஸ்ட் 6
திரும்பி வந்த பெட்டிகள் இருபத்தாறு ஆகிவிட்டன. வைகாட்டோ மாவட்டம் முழுக்க மாடுகள் தெருவில். எல்லாம் ஜூன் மாதத்துப் பெட்டிகள். சிப்பில் நிரல் ஏற்றும் மேசையில் லோசா ஒருத்திதான், ஒன்பது வருடமாக. நிரல் சரியாக ஏறியதும் மேசையில் பச்சை விளக்கு எரியும்; அதன்பிறகே சிப் உள்ள போர்டை எடுக்க வேண்டும்.

கூட்டத்தில் மேலாளர் வாரன், "பச்சை எரியறதுக்குள்ளயே போர்டைத் தூக்கியிருப்பா. வாய் ஓயாம பேசிக்கிட்டே வேலை செஞ்சா வேற என்ன ஆகும்?" என்றார்.

"பச்சை பார்க்காம நான் எதையும் தூக்கினதில்லை. பச்சைதான் இப்பல்லாம் சீக்கிரமா வருது. ஹெதர்கிட்ட அப்பவே சொன்னேனே" என்றாள் லோசா.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்; அந்த மேசையின் கணினி என் பொறுப்பு. "பார்க்கிறேன்" என்றேன்.

ஆகஸ்ட் 7
பார்த்தேன். திரும்பி வந்த சிப்பின் நினைவகத்தை முழுதாக வாசித்தேன். கடைசிப் பகுதி காலி. பேட்டரி இறங்கும்போது மட்டும் தேவைப்படும் பகுதி. சிப்பைத் தொட்டு நிரலைக் கடத்தும் மேசையின் ஊசிமுனை ஒன்று தேய்ந்து, தொடர்பு விட்டுவிட்டு வந்திருக்கிறது. அது யார் குற்றமும் இல்லை. ஆனால் அதைப் பிடிப்பதற்குத்தானே சரிபார்ப்பு?

மே மாதம் வாரன் வேகம் கேட்டார். ஏற்றியதைச் சிப்பிலிருந்து திரும்ப வாசித்து ஒப்பிட, ஒரு போர்டுக்குப் பதினோரு நொடி. அந்தப் பதினோரு நொடியை வெட்டினேன். பதிலாக, கணினியில் இருக்கும் மூலக் கோப்பின் எண்களைக் கூட்டிச் சரிபார்க்க வைத்தேன் — அதே கோப்போடு. சிப்பை யாரும் கேட்கவேயில்லை. மூன்று மாதமாக அந்த விளக்கு என் கோப்பைப் பார்த்துத்தான் பச்சை காட்டியிருக்கிறது.

நாளை சொல்லிவிட வேண்டும்.

ஆகஸ்ட் 8
சொல்லவில்லை.

ஆகஸ்ட் 11
லோசாவை அட்டைப்பெட்டி கட்டும் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். தவறு செய்தவர் காலைத் தேநீருக்குக் கேக் கொண்டுவருவது எங்கள் வழக்கம். அன்னாசிப்பழக் கேக் கொண்டுவந்தாள். "மாடுங்க சார்பா சாப்பிடுங்க" என்றாள். சிரித்தார்கள். எனக்குத்தான் பெரிய துண்டு: "பாவம், நீதான் கண்ணு இதோட மண்டையை உடைச்சுக்கிட்டிருக்க."

சாப்பிட்டேன். சீ. எப்படி இறங்குச்சு அது தொண்டையில?

ஆகஸ்ட் 13
வேலை போய்விடும் என்ற பயமா? இல்லை, போகாது. கெட்டிக்காரி என்ற பேர் — அது ஒன்றுதான். அதற்காக ஒருத்தியின் ஒன்பது வருடம்.

ஆகஸ்ட் 15
வாரனிடம் சொன்னேன். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "சரி, சத்தமில்லாம திருத்திடு. லோசா அங்கே நல்லாத்தானே இருக்கா?"

ஒரு நிமிடம் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை எழுதாமல் விட்டால் இந்த நோட்டும் பொய்.

தேநீர் நேரத்தில் எல்லோர் முன்னும் சொன்னேன்.

"எப்பத் தெரியும் உனக்கு?" என்றாள் லோசா.

"ஏழாம் தேதி."

"அப்ப என் கேக்கைத் தின்னப்பவே தெரியும்."

"தெரியும்."

"ரெண்டாவது துண்டு வேற கேட்டு வாங்கின."

ஆமாம். அதை அன்று நான் இங்கே எழுதவில்லை.

ஆகஸ்ட் 19
ஊசிமுனை மாற்றியாயிற்று. பதினோரு நொடியைத் திருப்பி வைத்துவிட்டேன். மே மாதத்திலிருந்து போன பெட்டிகள் அத்தனையையும் வரவழைக்கிறோம்.

லோசா மேசைக்குத் திரும்பினாள். உட்காரவில்லை. எதுவும் ஏற்றாத புது போர்டு ஒன்றைப் பொருத்தினாள். "ஏத்தாதே. உன் சரிபார்ப்பை மட்டும் ஓட்டு."

சிவப்பு.

"இன்னொரு தரம்."

சிவப்பு.

அதன்பிறகுதான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். என் பக்கம் திரும்பவில்லை.