சுவரைத் தாண்டி வந்த ஒயர்

மேற்குத் தாம்பரம்
12.9.1999

பாசமுள்ள மகள் ஜெயசீலிக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் தம்பி தயாளனும் நல்ல சுகம், கனடாவில் நீயும் மாப்பிள்ளையும் பச்சைப்பிள்ளையும் சுகமாயிருக்க தினமும் ஜெபமாலையில் உங்கள் பேரைச் சொல்கிறேன். பிரசவத்துக்கு வர எனக்கு விசா கிடைக்கவில்லையே என்று அழுதுகொண்டிருக்காதே, பால் வற்றிவிடும், பூண்டை வதக்கிச் சாப்பிடு, காதில் பஞ்சு வை.

நீ கம்ப்யூட்டரில் அனுப்பிய பிள்ளையின் படம் போய் விழுந்தது பக்கத்து வீட்டில், உன் சித்தி அருள்மேரியிடம். போன் லைன் அவர்களுக்குத்தானே இருக்கிறது, வேறு வழியில்லை என்றான் தயாளன். என் பேரனை என் ஓரகத்தி முதலில் பார்த்துவிட்டாள் என்று எனக்கு வயிறு எரிந்தது. உன் நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டார் காதுபட "பொண்ணு கொஞ்சம் கருப்புதான்" என்றவள் அவள், அன்றைக்கு அவள் கட்டியிருந்த கிளிப்பச்சைப் புடவைகூட எனக்கு மறக்கவில்லை, அன்றோடு பேச்சை நிறுத்தினேன், அவள் வாசலை மிதிப்பதில்லை. அப்பா மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்து காது உன்னைப்போல என்று சொல்லி வெறுப்பேற்றினார்.

அதற்காகத்தான் தயாளன் ரெண்டு வீட்டுக் கம்ப்யூட்டரையும் இணைக்கிறேன் என்று ரிச்சி தெருவில் ஒயரும் கார்டும் வாங்கிவந்து, காம்பவுண்டு சுவருக்கு மேலே முருங்கைக் கிளையோடு கட்டி இழுத்தான். அவர்கள் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் ஒரு இடத்தை மட்டும் நமக்குத் திறந்துவிடுவார்களாம், இங்கே உட்கார்ந்தபடியே பார்க்கலாமாம், கை வைக்க முடியாதாம். "படத்த மட்டும் வுடுப்பா, வேற எதையும் அந்தம்மா பாக்கக்கூடாது" என்றாளாம் அவள். அவள் வீட்டு ரகசியம் எனக்கு எதற்கு? முதல்நாள் ரெண்டு பெட்டிக்கும் ஒன்றையொன்று தெரியவேயில்லை, "அதுங்களுக்கும் பேச்சுவார்த்தை இல்ல போல" என்று அப்பா சிரித்தார்.

மறுநாள் சாயங்காலம் இணைப்பு பிடித்துவிட்டது. படம் பெரியதாம், மேலேயிருந்து கோடு கோடாக இறங்கியது, முடி வந்தது, நெற்றி வந்தது, புருவம் வந்தது, அதோடு நின்றுபோனது. அவள் பெட்டியை அணைத்தால் நமக்கும் வராதாம், அதை இந்தப் பயல் அவளிடம் சொல்லிவைக்கவில்லை. ஜெபமாலைக்கு உட்காருமுன் அவள் டிவி முதல் எல்லாவற்றையும் அணைத்துவிடுகிறவள் என்று உனக்குத் தெரியுமே. தயாளன் செருப்பைத் தேடுவதற்குள் நான் சுவரண்டை போய்விட்டேன், "ஏ அருளு, அதப் போடுடி, புள்ளைக்கு இன்னும் கண்ணே வரல!" என்று கத்தினேன், தெருவே திரும்பிப் பார்த்தது. கையில் ஜெபமாலையோடு வந்து நின்று, "இன்னாக்கா, இப்பத்தான் வாய் தொறக்க மனசு வந்துச்சா?" என்றாள். உன்னிடம் பேச வரவில்லை, பெட்டியைப் போடு என்றேன். போட்டாள்.

முழுசாகப் பார்த்துவிட்டேன் கண்ணு. உன் நிறம், உன் நெற்றி, உதட்டைச் சுழித்துக்கொண்டு தூங்குகிறான், காது மாப்பிள்ளையுடையதுதான், அப்பா சொன்னது பொய். தொட்டுப் பார்த்தேன், திரையில் கை படுகிறது என்று தயாளன் சத்தம் போட்டான், போடா என்றேன். வெளியே வந்தால் சுவருக்கு அந்தப்பக்கம் அவள் மறுபடி வந்து நின்றிருந்தாள், "அப்டியே நம்ம ஜெயசீலிதான், ராஜாவாட்டம் கீறான்" என்றாள். கருப்பு என்று சொன்னாயே, அந்த ஜெயசீலியா என்று கேட்டேன். "சொன்னேந்தான்க்கா, என் நாக்கு அப்படி" என்றாள். அவ்வளவுதான், மன்னித்தேன் என்று நான் ஒன்றும் சொல்லவில்லை.

குளிர் வருமுன் பிள்ளைக்குக் கம்பளிக் குல்லா வாங்கிவிடு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். மாதா உங்கள் மூவருக்கும் துணையிருப்பாள். அடுத்த படம் பிள்ளை கண் விழித்திருக்கும்போது எடுத்து அதே விலாசத்துக்கே அனுப்பு, மறந்துவிடாதே. பெட்டியை அணைக்காமல் வைக்கும்படி அவளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஆயிரம் முத்தங்களுடன்
அம்மா