பிரசாதம் வேண்டாம் என்ற பெண்ணுக்கு

என் மல்லி அக்காவுக்கு,

நலமா என்று கேட்க முடியாத இடத்தில் இருக்கிறாய். ஆனாலும் எனக்குக் கேட்கத்தான் தோன்றுகிறது. அங்கேயாவது ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

அம்மா என்னோடுதான் இருக்கிறாள், பிள்ளையார்பாளையத்தில் அதே வீட்டில். காது கொஞ்சம் மந்தம், வாய் மட்டும் அப்படியே. என் மகள் யாழினி பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். நீ போன பிறகு பிறந்தவள், உன்னைப் படத்தில்தான் தெரியும்.

போன மாதம் அவள் பீரோக் கண்ணாடி முன்னால் நின்று, இரண்டு கையாலும் இடுப்பைச் சுற்றிப் பிடித்து விரல்கள் தொடுகின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகுதான் எனக்குத் தெரிந்தது. என்னை அறியாமல் "மல்லி" என்று கூப்பிட்டுவிட்டேன். அவள் திரும்பி, "என்னம்மா, செத்துப்போன பெரியம்மாவ கூப்புடுற?" என்று சிரித்தாள். அன்று முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

அந்தக் கைப்பிடி அளவை நீ எங்கே கற்றாய் என்று எனக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வாடகைக்குப் புத்தகம் தருகிற கடை இருந்ததே, அங்கிருந்து மாத நாவல்களாக வாங்கி வருவாய். அப்பா சாப்பிட எழுந்து தறிச் சத்தம் ஓய்ந்திருக்கும் நேரத்தில் எனக்கு வாசித்துக் காட்டுவாய். எந்தக் கதையை எடுத்தாலும் முதல் பக்கத்திலேயே ஒரு பெண் பஸ்ஸை விட்டு இறங்குவாள். எலுமிச்சை நிறம் இருக்கும், இடுப்பு இருக்கவே இருக்காது. காதலில் கஷ்டம் வந்தால் அவள் சாப்பிட மறந்துபோவாள். மயங்கி விழுந்தால் அவன் பூவைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு போவான்.

கூடவே குண்டாக ஒரு தோழி வருவாள். பஜ்ஜி தின்பாள், கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பாள், நாற்காலியில் உட்கார்ந்தால் நாற்காலி உடையும். எனக்கு அவளைத்தான் பிடிக்கும், அவள் வந்தால்தான் கதையில் சிரிப்பே வரும். நீ மட்டும் சிரிக்க மாட்டாய். "இவளுக்கு கடைசி வரைக்கும் ஒரு பேரு கூட வெக்கல பாத்தியாடி" என்று ஒருநாள் சொன்னாய். நீ பூசினாற்போல் இருப்பாய். கல்யாண வீட்டில் யாராவது உன் கன்னத்தைக் கிள்ளி, "இந்தப் பொண்ணுக்கு ரெண்டு எல போடணும்" என்று கேலி செய்வார்கள். நீயும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வருவாய்.

பிறகுதான் நீ விரதம் பிடித்தாய். முதலில் வெள்ளி. அப்புறம் சனி, பெருமாளுக்கு. கிருத்திகை, ஏகாதசி, சங்கடஹர சதுர்த்தி என்று காலண்டரில் சிவப்பாக இருந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டாய். வேறு ஊராக இருந்திருந்தால் யாராவது ஏன் என்று கேட்டிருப்பார்கள். நம் ஊரில் எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு கோபுரம் நிற்கிறது. இங்கே வயசுப் பெண் பட்டினி கிடந்தால் யாருக்கும் கவலை வராது, பெருமைதான் வரும்.

அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. ராட்டினத்தில் தறிக்கான நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டே எதிர்வீட்டம்மாவிடம், "வாயில பச்சத் தண்ணி படல அதுக்கு, காலைலேர்ந்து. அவ்ளோ பக்தி" என்பாள். தெருவில் குழந்தை பிறந்தால் முதலில் உன் கையில் கொடுத்து வாங்குவார்கள். உன் கழுத்தெலும்பு தெரியத் தெரிய, முகத்தில் களை வந்துவிட்டது என்றார்கள். ஜாக்கெட்டை நீ அடிக்கடி பிடித்துத் தைக்கக் கொடுத்தாய். தையல்காரர்கூட எதுவும் கேட்கவில்லை.

விரதக்காரர்கள் கோயில் பிரசாதத்தில்தான் விரதத்தை முடிப்பார்கள். சனிக்கிழமை பெருமாள் கோயிலில், மிளகும் சுக்கும் மணக்கும் அந்த இட்லித் துண்டை வாங்கி நீ கண்ணில் ஒற்றிக்கொள்வாய். அம்மா பிரகாரம் சுற்றப் போனதும் அதை என் கையில் வைப்பாய். "நீயே துன்னு" என்பாய். எனக்கு அப்போது என்ன தெரியும்? இரண்டு துண்டு கிடைத்த சந்தோஷத்தில் குதித்துக்கொண்டு வருவேன். அக்கா, சாமிக்காகப் பட்டினி கிடக்கிற எவளாவது பிரசாதத்தை வேண்டாம் என்பாளா?

உன்னைக் கொண்டுபோனது வெறும் காய்ச்சல். தெருவில் பாதிப் பேருக்கு வந்து போன காய்ச்சல்தான். ஆஸ்பத்திரி டாக்டர் உன் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "உடம்புல தாங்கறதுக்கு ஒண்ணுமே இல்லியேம்மா" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா அதை வேறு மாதிரிப் புரிந்துகொண்டாள். "என் பொண்ண சாமி கூப்ட்டுக்கிச்சு" என்று அன்றைக்குச் சொல்ல ஆரம்பித்தவள், வீட்டுக்கு யார் வந்தாலும் உன் படத்தைக் காட்டி இன்றுவரை அதையேதான் சொல்கிறாள். நீ விட்ட வெள்ளிக்கிழமையை அவள் பிடித்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை பகலில் அவள் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. அந்த ஒரு வார்த்தையும் அந்த ஒரு விரதமும்தான் அவளை இத்தனை வருஷம் நடமாட வைத்திருக்கின்றன.

இப்போது யாழினி.

"இன்னிக்கு என்னடி விரதம்?" என்று கேட்டேன்.

"கிருத்திகைமா."

"நேத்து?"

"நேத்து செவ்வாய். எதுக்குமா நோண்டிக்கினே இருக்க? ஆயாவே ஒண்ணும் சொல்லல."

ஆயா எதற்குச் சொல்லப்போகிறாள்? அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி. "அப்டியே மல்லிதான். அதே பக்தி" என்று பேத்தியின் தலையைத் தடவிக்கொண்டே இருக்கிறாள். சில நாள் உன் பெயரைச் சொல்லியே கூப்பிடுகிறாள். யாழினியும் ஏன் என்று கேட்காமல் போய் நிற்கிறாள்.

பிறகு ஒரு சனிக்கிழமை அவளைப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். பிரசாதம் வாங்கினாள், கண்ணில் ஒற்றிக்கொண்டாள், என் கையில் வைத்தாள். "நீயே சாப்புடும்மா." குளத்துப் படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உன்னைப் பற்றி எனக்கு எல்லாம் புரிந்தது அந்தப் படிக்கட்டில்தான் அக்கா, இவ்வளவு காலம் கழித்து.

அவள் போனை வாங்கிப் பார்த்தேன். வாரம் ஒரு அத்தியாயமாகத் தமிழில் தொடர்கதைகள் வருகின்றன, பெண்கள் விழுந்து விழுந்து படிக்கிறார்கள். உட்கார்ந்து நானும் படித்தேன். கதாநாயகி பஸ்ஸுக்குப் பதில் ஸ்கூட்டியில் வந்து இறங்குகிறாள். ஐ.டி. கம்பெனியில் வேலை. கோபம் வந்தால் ஆங்கிலத்தில் திட்டுகிறாள். மற்றபடி அதே இடுப்பு, அதே மயக்கம், பக்கத்தில் பானிபூரி தின்றுகொண்டு அதே தோழி. நீ போய்விட்டாய், அந்தக் கதாநாயகிக்கு மட்டும் ஒரு கேடும் வரவில்லை.

போனைப் பிடுங்கி வைத்தால் தீராது என்று தெரியும். டாக்டரிடம் கூட்டிப்போனேன். ரத்தம் ரொம்பக் குறைவு, இது நாள்பட்டால் ஆபத்து என்றார். பேசிப் புரியவைக்கிற ஒரு மனநல ஆலோசகரிடமும் அனுப்பியிருக்கிறார். ஆனால் வீட்டுக்கு வந்ததும் என் அம்மா குறுக்கே நின்றாள். "வேண்டிக்கினு எடுத்த விரதத்த பாதில வுடக் கூடாதுடி. சாமி குத்தம் ஆயிடும்." யாழினி போய் அவள் முந்தானைக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

வாயைத் திறந்தால் அம்மாவிடம் இருக்கிற உன்னை நான் பிடுங்க வேண்டும். திறக்காவிட்டால் இவள் போய்விடுவாள். நீ என் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பாய்?

நான் சொல்லிவிட்டேன். யாழினி பள்ளிக்கூடம் போயிருந்தபோது, அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"மல்லி சாமிக்காக பட்டினி கெடக்கலம்மா. ஒல்லியாவணும்னு கெடந்தா."

"வாய மூடுடி. செத்தவள பத்தி என்ன பேச்சு பேசுற?"

"கோயில் இட்லிய அவ வாயில வெச்சு என்னிக்காவது நீ பாத்திருக்கியாம்மா? அவ பங்க நான்தான் துன்னேன். இப்ப யாழினியும் அவளோடத என் கையில குடுக்கறா."

அம்மா முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. உன் படத்துக்குப் பூ மட்டும் வைத்தாள், முன்னைப்போல் படத்தோடு பேசவில்லை. அவளையும் கொன்றுவிட்டேனோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. பள்ளி விடுமுறை. அம்மா குளித்து, விளக்கேற்றி, சாமியிடம் வாய்க்குள் ஏதோ சொன்னாள். நேராக அடுக்களைக்குப் போய் ரசம் சோறும் உருளைக்கிழங்கும் இரண்டு தட்டில் போட்டு எடுத்துவந்து யாழினி எதிரில் உட்கார்ந்தாள்.

"ஆயா, இன்னிக்கு வெள்ளிக்கெழம."

"தெரியும்."

ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. துடைக்காமல் மென்று விழுங்கினாள்.

"குத்தமெல்லாம் எனக்கு வரட்டும். நீ ஒரு வாய் துன்னா நான் ஒரு வாய் துன்றேன். வேணான்னா சொல்லு, நானும் எழுந்துக்கறேன். நாளைக்கும் எழுந்துக்கறேன்."

யாழினி என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். கடைசியில் தட்டை இழுத்துக்கொண்டாள். ரொம்ப நேரம் ஆனது. பாதிதான் சாப்பிட்டாள். மறுநாள் மறுபடி மல்லுக்கட்டினாள், அது வேறு கதை. எல்லாம் சரியாகிவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

சாப்பிட்டு முடித்து அம்மா பின்கட்டுக் குழாயில் கை கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள். நான் போய்க் குழாயை மூடினேன். அப்போதுதான் என்னிடம் பேசினாள்.

"இப்டி எதுருல குந்திக்கினு கேட்டிருந்தா, அவளும் துன்னுருப்பாளாடி?"

அதற்குப் பதில் உனக்குத்தான் தெரியும் அக்கா. தின்றிருக்க மாட்டேன் என்பது பதிலானால், இன்றைக்கே அம்மா கனவில் வந்து சொல்லிவிட்டுப் போ. தின்றிருப்பேன் என்பது பதிலானால் தயவுசெய்து வராதே. அவள் கண்ணை மூடும்வரை இந்தப் பக்கமே வராதே.

யாழினியை மட்டும் உன்னிடம் அனுப்ப மாட்டேன். இது சத்தியம். கோபித்துக்கொள்ளாதே.

உன் தங்கச்சி,
யாழினியின் அம்மா
சுமதி